‘கார்டு போயிடுச்சு’ என்று சொல்ல ஐந்து நிமிடம் போதுமா?

இரண்டு மாதமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்ன என்று போன் செய்து விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் என்னுடையது இல்லை, பேரப்பிள்ளை கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். “ரிடையர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு, இன்னும் ஸ்க்ரூடிரைவரை விட மாட்டேங்கிறீங்களே” என்று வீட்டில் தினமும் அர்ச்சனை. இருக்கட்டும். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்று எழுதித் தீர்த்துக்கொள்ளப் போகிறேன். கேம் என்றதும் இது நமக்கில்லை என்று மூடிவிடாதீர்கள். உங்கள் வீட்டு மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் மோட்டாருக்கும் இதே கதைதான் நடக்கிறது.

என் தங்கை மகன், எனக்கு மருமகன் முறை, திருப்புட்குழியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தறி போட்டிருக்கிறான். அவன் மகன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். அந்தப் படிப்புக்குச் சாதாரண கம்ப்யூட்டர் போதாது. படங்களைக் கணக்குப் போட்டு வரைவதற்கென்றே உள்ளே ஒரு தனிப் பலகை வேண்டும். அதற்குப் பெயர் கிராபிக்ஸ் கார்டு. மொத்த கம்ப்யூட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கார்டு மட்டுமே விழுங்கிவிடும். பகலில் அதில் பாடம், ராத்திரி அதிலேயே கேம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் மருமகன் அதை வாங்கிக் கொடுத்தான். தறிக்காரனுக்கு முன்பணம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். அது அடைகிறவரை வேறு இடத்துக்குப் போக முடியாது. கூலி போதவில்லை என்று வாய் திறக்கவும் யோசிக்க வேண்டும்.

போன ஐப்பசியில் அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை கறுத்துவிடும். உள்ளே விசிறிகள் மட்டும் பேய் பிடித்தமாதிரி சுற்றும். சில நேரம் தானாக அணைந்து மறுபடி உயிர் வரும். சும்மா பாட்டுக் கேட்டால், கடிதம் அடித்தால் ஒன்றும் ஆகாது. கனமான வேலை கொடுத்தால் மட்டும் விழும்.

காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைப் பெயர் எதற்கு? அந்தக் கடைக்காரர் ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன். மூடியைத் திறந்தார், கார்டைத் தொட்டுப் பார்த்தார், ஒரு கேம் போட்டார், திரை கறுத்தது. “கார்டு போயிடுச்சு சார். புதுசு 36,000 ஆகும். பழசைக் கொடுத்துட்டா 4,000 கழிச்சுக்கலாம்.” மொத்தம் ஐந்து நிமிடம்.

மருமகன் அன்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, முதலாளிகிட்ட இன்னொரு முன்பணம் கேக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. குடுக்கிறதுன்னா இன்னும் ரெண்டு வருஷம் அவர்கிட்டயேதான் நெய்யணும்.”

“கார்டுதான் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுதாம்?”

“கடைக்காரர் சொன்னாரு மாமா.”

“அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவனிடம் பதில் இல்லை. கடைக்காரரிடமும் இருந்திருக்காது. கனமான படம் போடும்போது விழுகிறது, படம் போடுவது கார்டு, ஆகவே கார்டு கெட்டது. இவ்வளவுதான் அவருடைய தர்க்கம். ராத்திரி போனால் தெருவிளக்கு எரிகிறது, ஆகவே இருட்டுக்குக் காரணம் தெருவிளக்கு என்று சொல்வது போல.

நான் முப்பத்தாறு வருஷம் டெலிபோன்ஸில் குப்பை கொட்டியவன். 198-க்குப் புகார் வரும். ‘போன் டெட்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கும். ‘டெட்’ என்றதும் புது போன் கருவியை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப மாட்டோம். முதலில் இணைப்பகத்திலேயே லைனைப் பிரித்துப் பழுது உள்ளேயா, வெளியேயா என்று பார்ப்போம். வெளியே என்றால் பில்லர் பெட்டிவரை சரியா? சரி என்றால் அங்கிருந்து டி.பி. பெட்டிவரை? அதுவும் சரி என்றால் வீட்டுக்குப் போகும் ஒயர். கடைசியில்தான் கருவி. ஒவ்வொரு தடவையும் சந்தேகப் பாதையைப் பாதியாக வெட்டிக்கொண்டே போவது. எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் ஒருவர், காரணம் எழுதாமல் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் சீட்டைத் திருப்பி முகத்தில் வீசுவார். “எது பழுதுன்னு தெரியாம நீ எதைய்யா சரி பண்ணுனே?” என்பார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

“முன்பணம் வாங்காதே. எனக்கு ஒரு மாசம் குடு” என்றேன். ஒரு மாதம் இரண்டு மாதம் ஆயிற்று.

பேரனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். எப்போது விழுந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஆரம்பித்து எத்தனை நிமிடம், எழுது என்றேன். “தாத்தா, இதெல்லாம் கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்கும்” என்றான். உண்மைதான். விண்டோஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. கார்டிடமிருந்து இரண்டு விநாடி பதில் வராவிட்டால், அது தொங்கிவிட்டதாக முடிவு செய்து அதை மறுபடி எழுப்பப் பார்க்கும். அதற்கு ஒரு எண். ஒழுங்காக மூடாமல் மெஷின் அணைந்தால் அதற்கு 41 என்று ஒரு எண். இந்த 41-ஐப் பார்த்ததும் பலர் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தேன்’ என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் இல்லை. போன் டெட் என்று எழுதிய சீட்டு மாதிரிதான்.

ஒன்பது நாளில் பதினான்கு தடவை விழுந்தது. அதில் பன்னிரண்டு மாலை ஆறரைக்கும் பத்துக்கும் நடுவில். அவன் ஆடுவதே அந்த நேரத்தில்தான், அப்போதுதானே விழும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அதனால் விடிகாலையில் அவனை எழுப்பி (பாவம்), அதே கேமை அதே மூன்று மணி நேரம் ஓட வைத்தேன். காலையில் ஒரு தடவை விழுந்தது. மாலையில் அதே மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை. அப்போது எனக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை.

ஏனென்றால் நான் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். கடைக்காரரைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். தறி இருக்கிற வீடு, பஞ்சும் தூசும் பறக்கும், விசிறியில் அப்பியிருக்கும் என்று நம்பினேன். அப்பித்தான் இருந்தது. பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தோம். கார்டின் சூடு 84 டிகிரியிலிருந்து 71-க்கு இறங்கியது. பெருமையாக மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று ராத்திரி ஏழேகாலுக்குத் திரை கறுத்தது.

பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுவது, மூன்று நாள் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். விழுந்தது. நினைவகத்தை வேகமாக ஓட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை அணைத்துச் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்தோம். விழுந்தது. நினைவகச் சோதனை ஒன்றை ராத்திரி முழுக்க ஓட விட்டோம். ஒரு பிழையும் இல்லை. கார்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினோம். விழுந்தது.

அடுத்து, கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கு நூற்றுக்கு எழுபது என்று மென்பொருளில் ஒரு கட்டுப்பாடு போட்டோம். படம் கொஞ்சம் மந்தமாக ஓடியது. ஆனால் மூன்று மாலை, ஒரு தடவைகூட விழவில்லை. கட்டுப்பாட்டை எடுத்தோம், நாற்பது நிமிடத்தில் விழுந்தது. மறுபடி போட்டோம், நின்றது. பழுது எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பாதை பாதியாகிவிட்டது. மென்பொருள், நினைவகம் எல்லாம் ஒரு பக்கம் போய், மின்சாரம் வரும் வழி, அல்லது மின்சாரத்தை வாங்குகிற கார்டு என்று இரண்டுதான் மீதி.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் பிளக்கில் அளந்தேன். காலையில் 228 வோல்ட். மாலை எட்டு மணிக்கு 196. தெருக்கோடி வீடு, எல்லார் வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடுகிற நேரம். மூன்று பின் பிளக்கில் எர்த் ஒயரே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுரு என்றிருந்ததை இரண்டு வருஷமாக ‘கம்ப்யூட்டர்னா அப்படித்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். எலெக்ட்ரீஷியனை வைத்து முதலில் எர்த்தைச் சரிசெய்தோம். அது கார்டுக்காக இல்லை, உயிருக்காக. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் வீட்டில் பாருங்கள்.

ஆனால் 196 வோல்ட் வந்தாலும் கம்ப்யூட்டர் விழக்கூடாது. உள்ளே பவர் சப்ளை என்று ஒரு பெட்டி இருக்கிறது. சுவரிலிருந்து வருவதை வாங்கி 12 வோல்டாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. நல்ல சப்ளைகள் பல 100 வோல்டில்கூட ஓடும்படி செய்யப்பட்டவை. கார்டோ ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. படத்தில் ஒரு வெடிப்புக் காட்சி வந்தால், கண் இமைப்பதற்குள் தன் வழக்கமான அளவுக்கு மேல் எம்பிக் குடிக்கும். சப்ளையில் தெம்பு இல்லாவிட்டால் அந்தக் கணத்தில் 12 வோல்ட் தொய்ந்துவிடும், கார்டு மயங்கிவிடும். இந்த எம்பலைச் சப்ளைகள் தாங்கவேண்டும் என்பதற்காகவே 2022-இல் தயாரிப்பாளர்களுக்குப் புது விதிமுறை வந்தது.

கார்டுக்குப் போகும் கம்பிகளையும் பார்த்தேன். கார்டில் எட்டு பின் வாய் இரண்டு. ஒவ்வொன்றும் 150 வாட் வரைக்கும். அசெம்பிள் செய்தவர் ஒரே கம்பியில் இரண்டு தலை இருப்பதை வைத்து இரண்டு வாய்க்கும் மாட்டியிருந்தார். இன்னொரு கம்பி, பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறையோடு பீரோ மேலே அட்டைப்பெட்டியில் இருந்தது. இரண்டு வாய்க்கும் தனித்தனிக் கம்பி போட்டதும் விழுவது பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

கடைசியாக, பேரனின் நண்பன் ஒருவன் தன்னுடைய பவர் சப்ளையைக் கடன் கொடுத்தான். அதே கார்டு, அதே வீடு, அதே 196 வோல்ட். பதினொரு நாள். ஒரு தடவைகூட விழவில்லை. எங்கள் கார்டை அந்த நண்பன் கம்ப்யூட்டரில் போட்டு நான்கு மணி நேரம் ஓட்டினோம். குதிரை மாதிரி ஓடியது. எங்கள் சப்ளையை அவன் கம்ப்யூட்டரில் போட்டதும் இருபத்தைந்து நிமிடத்தில் அவன் திரை கறுத்தது. மூன்று பக்கமும் கேட்டு வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது.

சப்ளைக்கு ஐந்து வருஷ வாரண்டி. பில்லைத் தேடி எடுத்தோம். அனுப்பினோம். மூன்று வாரத்தில் வேறு வந்தது. கூரியர் செலவு 380 ரூபாய். முன்பணம் வாங்கவில்லை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 32,000 கொடுத்துப் புதுக் கார்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுக் கார்டும் விழுந்திருக்கும். நல்ல பழைய கார்டு அவர் அலமாரிக்குப் போயிருக்கும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். கார்டு தலையில் பழியைப் போடுவது உலகம் முழுக்க நடந்த கதை. 2023 கடைசியிலிருந்து 2024 வரை, பல நாடுகளில் கேம் ஆடுகிறவர்களுக்கு ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியோடு கேம் விழுந்துகொண்டே இருந்தது. வீடியோ என்று திரையிலேயே எழுதி வருகிறது, பிறகு யார் மேல் சந்தேகம் வரும்? கார்டைத்தான் திட்டினார்கள். கார்டு செய்யும் என்விடியா கம்பெனியே, இது எங்கள் சமாச்சாரம் இல்லை, இன்டெல்லைக் கேளுங்கள் என்று 2024 ஏப்ரலில் சொல்ல வேண்டி வந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசை கம்ப்யூட்டர் பிராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, சிப் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு, உள்மென்பொருளைத் திருத்தி, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை மென்பொருள் திருத்தம் குணப்படுத்தாது. அதற்குள் எத்தனை வீட்டில் நல்ல கார்டைக் கழற்றினார்களோ!

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. “ராத்திரி பகலா கேம் ஆடினா மெஷின் கெடாம என்ன பண்ணும்” என்று சொல்கிற பெரியவர்கள், அதாவது நாம், இதைக் கேட்க வேண்டும். 2021-இல் ‘நியூ வேர்ல்ட்’ என்று ஒரு கேம் சோதனைக்கு வந்தபோது, விலை உயர்ந்த கார்டுகள் சில செத்துப்போயின. எல்லாரும் கேமைத் திட்டினார்கள். கார்டு தயாரித்த ஈவிஜிஏ கம்பெனி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஆரம்ப காலத்தில் செய்த சில கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று தானே சொன்னது. கார்டு வேலை செய்வதற்காகத்தான் விற்கப்படுகிறது. வேலை வாங்கினால் கெட்டுவிட்டது என்றால் வேலை வாங்கியவன் குற்றவாளி இல்லை. நெய்தால் தறி தேயும் என்று யாராவது நெய்யாமல் இருக்கிறார்களா?

2022-இல் இன்னொன்று. புதுவிதக் கார்டுகளில் மின்சாரம் போகும் வாய் உருகியது. விசாரித்ததில் பல இடங்களில் பிளக் முழுசாக உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. அப்படியானால் ஆடியவன் கவனக்குறைவு என்று முடித்துவிடலாமா? முழுசாகப் போகாவிட்டாலும் மின்சாரம் பாய விடுகிற வாயை வடிவமைத்தது யார்? அடுத்த வருஷமே, சரியாக மாட்டாவிட்டால் ஓடாதபடி அந்த வாயின் பின்களை மாற்றினார்கள்.

கார்டே கெட்ட கதையும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2008-இல் என்விடியா, லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் உள்ளே ஒட்டவைத்த பொருள் சூட்டிலும் குளிரிலும் விரிசல் விடுவதாகச் சொல்லி, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் செத்த கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தால் உயிர் வரும் என்று ஒரு வைத்தியம் உலகம் பூராவும் பரவியது. வரத்தான் வந்தது, சில நாளைக்கோ சில வாரத்துக்கோ. பிறகு திரும்பச் செத்தது. இன்றும் சூடான காற்றை அடித்து ‘ரெடி பண்ணிட்டேன்’ என்று 2,500 வாங்குகிறவர்கள் உண்டு. நம் ஊரில் மரகதவல்லித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறு முளைக்கும். பிள்ளை வரம் வேண்டி மடியில் கட்டிக்கொண்டு படுத்த பெண்கள் எத்தனையோ பேரை நானே பார்த்திருக்கிறேன். அது தாயார் கருணை. வறுத்த கார்டு முளைப்பதற்குத் தாயார் பொறுப்பேற்கவில்லை.

சரி, யாரைத் திட்டுவது? கடைக்காரரைத் திட்டுவது சுலபம். திட்டவும் வேண்டும். நோயைப் பார்க்காமல் கையை வெட்டச் சொல்கிற டாக்டரை நாம் விடுவோமா? ஆனால் பேரன் அந்தக் கடைக்காரரிடம் போய், “அண்ணே, கார்டு நல்லாத்தான் இருக்கு, சப்ளைதான் போயிருக்கு” என்று சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, உங்க தாத்தா ரெண்டு மாசம் உக்காந்து பாத்தாரு. நான் ரெண்டு நாள் பாத்தா எனக்கு யாரு காசு குடுப்பா? பார்த்ததுக்கு 500 ரூபா கேட்டா, ‘ஒண்ணுமே மாத்தல, எதுக்குக் காசு’ன்னு சண்டைக்கு வராங்க. கார்டு வித்தாதான் எனக்கு வாடகை.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து அரை மணி நேரம் தேடி, ஒரு தளர்ந்த ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு 300 கேட்டால், “ஒரு ஸ்க்ரூவுக்கு முந்நூறா?” என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? முறுக்கியதற்குக் கூலி பத்து ரூபாய்தான். எந்த ஸ்க்ரூ என்று கண்டுபிடித்ததற்குத்தான் மீதி. கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்க மாட்டோம், பாகத்துக்கு மட்டும் கொடுப்போம் என்று நாம் சொல்லச் சொல்ல, கண்டுபிடிக்கிற ஆள் காணாமல் போய், பாகம் விற்கிற ஆள் மட்டும் மிஞ்சினார். டெலிபோன்ஸில் எனக்குச் சம்பளம் மாதாமாதம் வந்தது. எத்தனை கருவி மாற்றினேன் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. அதனால்தான் என்னால் நிதானமாகப் பழுது தேட முடிந்தது. அந்தக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இருந்தாலும் அவரை நான் முழுசாக விடவில்லை. ‘எனக்குத் தெரியவில்லை, பார்க்க இவ்வளவு ஆகும்’ என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, ஒரு நெசவாளியை இரண்டு வருஷத்துக்குக் கட்டிப்போட இருந்தார். வாடகை கஷ்டம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

கம்பெனிகளையும் விடக்கூடாது. பழுதுபார்க்கும் உரிமை என்று 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது. டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வண்டி என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு கார்டின் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கையேட்டையும், உள்படத்தையும் கம்பெனிகள் கடைக்காரர்களுக்குக் கொடுக்காதவரை, அவர் கண்ணை மூடிக்கொண்டு ‘கார்டு போயிடுச்சு’ என்றுதான் சொல்வார்.

நாம் செய்யக்கூடியது இருக்கிறது. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு காகிதம்தான். ‘இது போச்சு’ என்று சொன்னால், என்ன சோதனை செய்தீர்கள், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா, வேறு சப்ளை போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். எழுதித் தர அவர் பணம் கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுங்கள். பழைய பாகத்தை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு எச்சரிக்கை: பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

இந்த ஊரில்தான் யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்டார் என்பார்கள். குரு சொன்ன பொருள் சரியில்லை என்று பட்டபோது, குரு சொன்னார் என்பதற்காக அவர் தலையாட்டவில்லை. அவ்வளவு பெரிய குருவிடமே அப்படி என்றால், ஐந்து நிமிடக் கடைக்காரரிடம் ‘எப்படித் தெரியும்?’ என்று ஒரு வார்த்தை கேட்க நமக்கு என்ன தயக்கம்?

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மருமகன் வீட்டுக்குப் போயிருந்தேன். தறியில் இருந்தான். என் நோட்டுப் புத்தக வித்தையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள, அவன் சிரித்தான்.

“மாமா, இது நாங்க தெனமும் பண்றதுதானே? புட்டா தப்பா விழுந்தா, திரும்பத் திரும்ப அதே எடத்துல மட்டும் விழுதான்னு பாப்போம். அப்படின்னா ஜக்கார்டு அட்டையில ஓட்டை கிழிஞ்சிருக்கு. அதே கோடு புடவை நீளத்துக்கும் போச்சுன்னா அட்டை நல்லாத்தான் இருக்கு, மேல கொக்கியோ கயிறோ அறுந்திருக்கு. பாக்காம அட்டைக்கட்டையே மாத்துனா முதலாளி செருப்பாலேயே அடிப்பாரு.”

நான் வாயடைத்துப் போனேன். “இவ்வளவு தெரிஞ்சவன், கடைக்காரர் சொன்னதும் முன்பணம் கேக்கக் கிளம்பிட்டியே?”

“அது கம்ப்யூட்டர் ஆச்சே மாமா. நமக்கு இன்னா தெரியும்னு நெனச்சேன்.”

என் கோபமெல்லாம் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான். தறியில் உட்கார்ந்தால் இழை இழையாகப் பழுது தேடுகிறவன், கடை வாசலில் ஏறியதும் ‘நமக்கென்ன தெரியும்’ என்று கையைக் கட்டிக்கொள்கிறான். மிக்ஸி கடையில் நாமும் அப்படித்தான் நிற்கிறோம். நமக்குத் தெரியும். கேட்கத்தான் கூச்சப்படுகிறோம்.

பேரன் இப்போது அந்த நாற்பது பக்க நோட்டை முடித்துவிட்டு இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறான். தெருவில் யார் வீட்டு மெஷின் நின்றாலும் கூப்பிடுகிறார்கள். பார்ப்பதற்கு 200 ரூபாய் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். வாங்கக் கூச்சப்படுகிறான். நம் ஊர்க்காரர்கள் யாராவது அவனைக் கூப்பிட்டால், அவன் ஒன்றையும் மாற்றாமல் எழுந்தாலும் அந்த 200-ஐக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ‘போயிடுச்சு’ என்று தூக்கிப் போட்டு, பிறகு நன்றாக ஓடிய பொருள் ஏதாவது உண்டா? எழுதுங்கள். அடுத்த முறை பழைய ஸ்ட்ரோஜர் டெலிபோன் இணைப்பகத்தில் ஒரு எலி செய்த வேலையைப் பற்றி எழுதுகிறேன்.